கல் போன வழியே

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஊர் சுற்றக் கிளம்பிவிட்டேன். விடுதி அறைச் சுவரில் ஒட்டியிருந்தோமே, அந்த இந்திய வரைபடம் நினைவிருக்கிறதா? ஒவ்வொரு பகுதியாக எடுத்துக்கொண்டு அங்குள்ள அருங்காட்சியகங்களை நிதானமாகப் பார்ப்பது என்று அன்று போட்ட திட்டம்தான். கிழக்கையும் கங்கைக் கரையையும் பார்த்து முடித்துவிட்டேன்.

தொடங்கியது கொல்கத்தாவில். 1814இல் பிறந்த இந்திய அருங்காட்சியகத்தை ஒரே நாளில் பார்த்துவிட நினைத்தால் எதுவும் மனதில் தங்காது. நான் பர்ஹூத் கூடத்தை விட்டு நகரவில்லை. ஒரு பௌத்தத் தூபியைச் சுற்றி நின்ற, கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் கல் வேலி அது. அதில் ஒரு வட்டத்துக்குள், புத்தருக்காக அனாதபிண்டிகர் என்ற வணிகர் ஜேதவனம் என்ற தோட்டத்தை வாங்கும் காட்சி. தோட்டம் முழுக்கக் காசு பரப்பினால்தான் தருவேன் என்றான் அதன் சொந்தக்காரனான இளவரசன். வண்டியில் காசு வந்திறங்கியிருக்கிறது. மாடுகள் அவிழ்த்துவிடப்பட்டிருக்கின்றன. இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து சதுரக் காசுகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்குகிறார்கள். இன்ன இடம், இன்னார் வாங்கித் தருகிறார் என்று கீழே பிராமி எழுத்தில் வெட்டியும் வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சிற்பிக்கு இருந்த அக்கறையைப் பார். வழியில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் அழகான ஒரு பெண் உருவத்தின் கீழே 'கற்சிலை' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த ஊர், எந்தக் காலம், ஒன்றும் இல்லை. எனக்கு மனசு ஆறவே இல்லை.

அந்த வேலி நின்ற பர்ஹூத் இருப்பது மத்தியப் பிரதேசத்து சத்னா பக்கம். 1873இல் தொல்லியலாளர் கன்னிங்காம் போய்ப் பார்த்தபோதே சுற்றுப்புறத்தார் வீடு கட்டக் கற்களைப் பெயர்த்துப் போயிருந்தார்கள். மிஞ்சியதைத்தான் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அதனால் பிழைத்தது, மறுக்கவில்லை. ஆனாலும் பிறந்த மண்ணில் பெயர் சொல்ல அநேகமாக எதுவுமில்லையே என்ற வருத்தம் போகவில்லை.

பாட்னாவில் பீகார் அருங்காட்சியகம். 1917இல் கங்கைக் கரையில் கிடைத்த தீதார்கஞ்ச் யட்சி என்ற பெண் சிலை அங்கேதான் இருக்கிறாள். இடக்கை இல்லை, மூக்கு நுனி சிதைந்திருக்கிறது, வலக்கையில் சாமரம். பக்கவாட்டில் நின்று பார், தோளில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும். கல்லுக்கு அப்படி ஒரு மெருகு.

அந்த மெருகு கண்ணிலேயே இருக்கும்போது வாரணாசிக்குப் பக்கத்திலுள்ள சாரநாத் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அசோகர் தூணின் நாற்சிங்கத் தலையின் முன் நின்றதும் புரிந்துவிட்டது: அதே சுனார் ஊர் மணற்கல், அதே பளபளப்பு! தில்லிக்கும் சென்னைக்கும் தனித்தனியாக எத்தனை முறை போயிருந்தாலும் இது எனக்குத் தட்டுப்பட்டிருக்காது. பகுதி பகுதியாகப் போக வேண்டும் என்று நீ அன்று பிடிவாதம் பிடித்தது சரிதான். வெளியே வந்து கொஞ்சம் நடந்தால், அந்தச் சிங்கங்களைத் தாங்கிய தூணின் அடிப்பகுதி நட்ட இடத்திலேயே நிற்கிறது. பொருளும் மண்ணும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் எனக்குப் பிடித்த அருங்காட்சியகம். கட்டடம் சின்னதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது தெற்கு. இந்த முறை நீயும் வர வேண்டும். ஆந்திரத்து அமராவதித் தூபியின் சிற்பங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பாதி, லண்டனில் பாதி என்று பிரிந்து கிடக்கின்றன. கொஞ்சம் அமராவதியிலேயே இருக்கின்றன. எழும்பூரை முதலில் பார்க்கலாம் என்பாய். வேண்டாம், முதலில் அமராவதி போவோம். தூபி நின்ற வட்டத்தைச் சுற்றி நடந்துவிட்டு அப்புறம் எழும்பூருக்கு வந்தால், எந்தக் கல் எங்கே நின்றிருக்கும் என்று பேசிக்கொண்டே பார்க்கலாம்.

தேதியை நீயே குறித்து எழுது. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். தொல்லியல் துறையின் கள அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை. முழங்கால் வலி என்று எழுதியிருந்தாயே, இப்போது எப்படி இருக்கிறது? மெதுவாகவே நடப்போம், அவசரமில்லை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்