ஷமரேல் மேட்டில் எங்களுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

நம் மொரிஷியஸின் டூர் டி மொரிஸ் சைக்கிள் பந்தயம் ஷமரேல் மேட்டில் ஏறிய அன்று, ரோஸ்ஹில்லிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கி, ரோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பாட்டிமாரை உட்காரவைத்து, தப்பு அடித்து ஊரையே எழுப்பிய கூட்டம் நாங்கள்தான். கோயில் வாலிபர் குழு, தமிழ் வகுப்புப் பிள்ளைகள், அவர்களுடைய தாத்தா பாட்டிகள் என்று கலந்து கட்டி வந்திருந்தோம். பந்தயம் முடிந்து ரோடு திறந்ததும் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் இறங்க ஆரம்பித்ததால் நின்று பேச முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். தமிழ் வாசிக்காதவர்களுக்கு எங்கள் பிள்ளைகள் கிரியோலில் சொல்லிக்காட்டுவார்கள், அதற்கும் ஏற்பாடு செய்தாகிவிட்டது.

எதற்குத் திடீரென்று இந்தச் சைக்கிள் பைத்தியம் என்று அன்றைக்குப் பலர் கேட்டீர்கள். எல்லாம் 2025-இல் பிடித்தது. அந்த வருஷம் ஏப்ரலில் நம் தீவுப் பெண் கிம்பர்லி லெ கூர் பெல்ஜியத்தில் லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் பெண்கள் பந்தயத்தை ஜெயித்தார். கடைசியில் நாலு பேர் ஒன்றாக வந்து முட்டிக்கொண்ட ஓட்டம் அது. ஜூலையில் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸில் இரண்டாம் நாளே, மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டை. மறுநாள் அது கைமாறிப் போனது, ஐந்தாம் நாள் அன்றைய ஓட்டத்தையே ஜெயித்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிரான்ஸைவிட நமக்கு இரண்டு மணி நேரம் முன்னால் என்பதால் எல்லாம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு டிவியில் வந்தது, பாட்டிமார் சீரியலை விட்டுவிட்டு இதைப் பார்த்தார்கள். அப்போது எங்கள் பெரியம்மா ஒருவர் கேட்டார்: "டிவியில மேடு மேடாவே தெரியலையே, எல்லாம் தார் ரோடு மாதிரிதானே இருக்கு, இதுல என்ன இப்படி மூச்சு வாங்குது?" சரி, நேரில் காட்டிவிடுவோம் என்று கிளம்பியதுதான்.

முதல் நன்றி எங்கள் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியருக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்போடு சைக்கிள் ஓட்டுகிறவர். நாங்கள் தமரின் உப்பளம் பக்கம், நிழல் பார்த்து, சமதரையில் நிற்கலாம் என்றிருந்தோம். வேண்டவே வேண்டாம் என்றார். சமதரையில் கூட்டமாக 45 கிலோமீட்டர் வேகத்தில் வருவார்கள், நூறு பேர் இருந்தாலும் பத்துப் பதினைந்து விநாடியில் 'விர்ர்' என்று ஒரு சத்தம், அப்புறம் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்றார். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது, அதனால் யாரும் கூட்டத்தை விட்டுப் பிரிய மாட்டார்கள். மேட்டில் அந்தச் சலுகை கிடையாது. வேகம் குறைந்தால் காற்றின் தடையும் குறைந்துவிடும், அவரவர் எடையை அவரவர்தான் மேலே தூக்கிக்கொண்டு போகவேண்டும், யார் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாலும் பெரிய லாபமில்லை. அங்கேதான் கூட்டம் உதிரும், ஒவ்வொரு முகமாகப் பார்க்கலாம். காஸ் நோயால் தேவாலயத்திடம் கடலோர ரோட்டை விட்டுத் திரும்பி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, வளைவு முடிந்து செங்குத்தாக எழும் இடத்தில் நில்லுங்கள் என்று பேப்பரில் படம் போட்டே கொடுத்தார். அவர் சொன்னதில் ஒரு வரி வீணில்லை.

வேன் டிரைவர் அண்ணனுக்கு. முதலில் பேசிவைத்திருந்த பஸ்காரர்கள் (யாரென்று வேண்டாம், விடுங்கள்) முந்தின நாள் சாயங்காலம் கையை விரித்துவிட்டார்கள். நீங்கள் ராத்திரி எட்டு மணிக்குப் போனை எடுத்து, "எத்தனை மணிக்கு ரோடு மூடுறாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். அது முக்கியமான கேள்வி என்று எங்களுக்கு மறுநாள்தான் விளங்கியது. மூடிவிட்டால் ராஜாவே வந்தாலும் மேலே போக முடியாது. அந்த வளைவுகளில் வேனை நீங்கள் ஏற்றிய விதத்தைப் பார்த்தே பெரியம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது, முதல் கியரில் வண்டி முனகிய முனகலில் அவர் கந்தசஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மஞ்சள் அங்கி போட்டு வளைவில் நின்ற தம்பிக்கு. பந்தய மார்ஷல் என்றால் விசில் ஊதி விரட்டுகிறவர் என்றுதான் நினைத்திருந்தோம். எங்கள் பிள்ளைகள் அட்டையில் 'ஏறு! ஏறு!' என்று பெரிதாகத் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். அதைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் நீங்கள் திட்டவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்து கதை சொன்னீர்கள். 2021 டூர் டி பிரான்ஸ் முதல் நாளில் ஒரு பெண் கேமராவைப் பார்த்துக்கொண்டு, தாத்தா பாட்டிக்கு வாழ்த்து எழுதிய அட்டையை ரோட்டுக்குள் நீட்டினார், டோனி மார்ட்டின் என்ற ஜெர்மன் வீரர் அதில் மோதி விழ, பின்னால் வந்த கூட்டமே சரிந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அட்டையை நீங்களே சுவரில் கட்டிக்கொடுத்தீர்கள். அப்புறம் ஒரு பாடம்: சிவப்புக் கொடி வண்டி போனால் பந்தயம் வருகிறது, பச்சைக் கொடி வண்டி போகும்வரை ரோட்டில் கால் வைக்கக்கூடாது. பிள்ளைகள் இதை இன்னும் வீட்டில் விளையாடுகிறார்கள், ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகப் பச்சைக் கொடி காட்ட வேண்டியிருக்கிறது.

இனி காத்தோ பிமா, அதாவது மிளகாய் போட்ட பருப்பு வடை, விற்ற அண்ணன். உங்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷமரேலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கீழே லெ மோர்ன் மலை வெயிலில் பளபளக்கும்போது மேலே தூறிக்கொண்டிருக்கும். அன்றும் அப்படித்தான். தூறல் நின்ற பிறகு பையன்கள் தப்பை எடுத்தால் 'தொப் தொப்' என்று ஈரத்துணியை அடித்த மாதிரி சத்தம், தோல் தொய்ந்துவிட்டது. கோயிலில் என்றால் காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்திக் காய்ச்சிவிடுவோம். காட்டோரம் நெருப்பு மூட்டப் போலீஸ் விடுவார்களா? பையன்கள் முகம் தொங்கிப்போய் நின்றார்கள். உங்கள் கேஸ் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி கொதிக்கிறது, வாங்க ஆள் வரிசையில் நிற்கிறது, கூட்டம் வருவதே வருஷத்தில் இந்த மாதிரி ஒருநாள். நீங்கள் தப்பை ஒரு பார்வை பார்த்தீர்கள், பையன்களை ஒரு பார்வை பார்த்தீர்கள், சட்டியை இறக்கிக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டி "கொண்டா" என்றீர்கள். அடுப்புத் தீயைச் சிம் பண்ணி, தோலைத் தீயில் காட்டாமல் சூட்டில் மட்டும் காட்டி, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, நடுநடுவே விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டீர்கள். எங்கள் பையன்களே அவ்வளவு பொறுமையாகக் காய்ச்சியதில்லை. கேட்டால், நீங்கள் சேகா ஆட்டத்துக்கு ரவான் மேளம் அடிக்கிறவராம், ஆட்டுத்தோலை இப்படித்தான் சூடு காட்டி முறுக்கேற்றுவீர்களாம். மூன்று தப்பும் 'டண்' என்று பேசின பிறகுதான் சட்டியைத் திரும்ப ஏற்றினீர்கள். வரிசையில் நின்றவர்கள் ஒருத்தராவது முணுமுணுத்தார்களா? இல்லை, கைதட்டினார்கள். அவர்களுக்கும் நன்றி. கேஸுக்குக் காசு கொடுத்தபோது வாங்க மறுத்து, கூடவே ஒரு பொட்டலம் காத்தோ பிமா வேறு கையில் திணித்தீர்கள். இது நியாயமில்லை, இதற்குப் பதில் ஒன்று யோசித்து வைத்திருக்கிறோம், தைப்பூசக் காவடி அன்று எங்கள் வீட்டு ஏழு கறிச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு வரவேண்டும்.

பச்சைக் கதவு வீட்டு அம்மாவுக்கு. பாட்டிமாரைக் கூட்டிக்கொண்டு மலை ரோட்டுக்கு வந்தால் பாத்ரூமுக்கு என்ன செய்வது என்பதை ஆண்பிள்ளைகள் யாரும் யோசித்திருக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. கேட்பதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டு, நாய்களைக் கட்டிப்போட்டு, எங்கள் நாற்காலி போதவில்லை என்று உங்கள் சாப்பாட்டு மேஜை நாற்காலியையும் தூக்கிக் கொடுத்தீர்கள். எங்கள் தால் பூரியையும் மொச்சைக் கறியையும் நீங்கள் சாப்பிட்டதில் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். உங்கள் வாசலில் அன்னாசியைத் திருகு திருகாகச் சீவிப் புளியும் மிளகாயும் தடவிக் கொடுத்த உங்கள் மகளுக்கும் நன்றி, அவரிடம் காசு கொடுத்துத்தான் வாங்கினோம், ஆனாலும் நன்றி.

பந்தயமா? வந்தது. முதலில் போலீஸ் மோட்டார் சைக்கிள்கள், சிவப்புக் கொடி, அப்புறம் தனியாக இரண்டு பேர். ஆசிரியர் சொன்னபடியே உதிர்ந்து உதிர்ந்துதான் வந்தார்கள். முன்னால் போனவர்கள் வாயை மூடிக்கொண்டு ஏறினார்கள், அடுத்து வந்தவர்கள் வாயைத் திறந்து, அதற்கும் அடுத்தவர்கள் தலையைத் தொங்கப்போட்டு. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டி சைக்கிள் கம்பியில் விழுவது கூடத் தெரிந்தது. தப்புச் சத்தத்தில் எங்கள் ஆட்களுக்கு வேறு கோஷம் வாயில் வரவில்லை, "வெற்றிவேல்! வீரவேல்!" என்றுதான் கத்தினார்கள். பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்து வந்த ஒரு பையன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டுப் போனான், அவனுக்கு அது புரிந்திருக்கும் என்று எங்கள் தாத்தா அடித்துச் சொல்கிறார்.

அந்தத் தாத்தாவைச் சமாளித்ததற்கு மார்ஷல் தம்பிக்கு இன்னொரு நன்றி தனியாகச் சொல்ல வேண்டும். கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் சைக்கிளிலேயே போய்வந்தவர் அவர், யாராவது மேட்டில் திணறினால் முதுகில் கை வைத்துத் தள்ளுவது அவருக்கு இயல்பு. பின்னால் திணறி வந்த ஒருவரைத் தள்ளக் கிளம்பிவிட்டார். நீங்கள் தோளில் கைபோட்டு நிறுத்தி, வெளியாள் தள்ளினால் அந்தப் பையனுக்குத்தான் அபராதம் விழலாம் என்று மெதுவாகச் சொன்னீர்கள். அடுத்த நிமிஷமே ஒரு குழு வண்டியிலிருந்து ஒருவருக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள், வாங்கிக்கொண்டவர் பாட்டிலை விடவே இல்லை, வண்டி அவரை அப்படியே பத்தடி இழுத்துக்கொண்டு போனது. "அவன் தண்ணி வாங்கலப்பா, காரையே பிடிச்சிட்டுப் போறான்! அதுக்கு அபராதம் கிடையாதா?" என்று தாத்தா கேட்டபோது நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள். அது எல்லாப் பந்தயத்திலும் நடக்கிற பழைய வேலைதானாம், நடுவர் கண்ணில் பட்டால் அதற்கும் அபராதம் உண்டாம்.

கடைசி ஆள் வரும்வரை பொறுமையாக எங்களோடு நின்ற ஷமரேல் ஊர்க்காரர்களுக்கு. முதல் கூட்டம் போனதும் பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள், நீங்கள் கலையவில்லை, அதனால் நாங்களும் நின்றோம். ஜெயித்தவர் எடுத்த நேரத்துக்குமேல் இத்தனை சதவீதம்தான் என்று ஒரு கெடு உண்டு, அதற்குள் முடிக்காதவர் மறுநாள் ஓட முடியாது, ஆகையால் கடைசியில் வருகிறவர்களும் சும்மா வரவில்லை என்று உங்களில் ஒருவர்தான் சொன்னார். அவர்களுக்குப் பின்னால், விட்டுவிட்டவர்களை ஏற்றிக்கொள்ளும் துடைப்ப வண்டி. டூர் டி பிரான்ஸில் 1910-லிருந்து இது வருகிறது. கடைசியாக வந்தவருக்குத்தான் எங்கள் பையன்கள் தப்பை ரொம்ப நேரம் அடித்தார்கள், அவர் வளைவு தாண்டி மறைந்த பிறகும். அவர் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சாயங்காலம் போனில் பார்த்துச் சொன்ன பெண்ணுக்கும் நன்றி, வேனில் ஒரே கூச்சல்.

பெரியம்மா இப்போதெல்லாம் டிவியில் மேடு வந்தால் பக்கத்தில் இருப்பவரை அதட்டுகிறார், "சும்மா இருங்க, அது எவ்வளவு செங்குத்துன்னு உங்களுக்குத் தெரியாது" என்று.

இரண்டு விஷயம். பச்சைக் கதவு அம்மா, உங்கள் மேஜை நாற்காலி ஒன்று தவறி எங்கள் வேனில் ஏறிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவர் அண்ணன் கொண்டுவந்து தருவார், நாய்களைக் கட்டிப்போடச் சொன்னார். அப்புறம், நீல மூடி போட்ட டிபன் பாக்ஸ் ஒன்றும், கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிய குடை ஒன்றும் எங்களிடம் இருக்கின்றன. யாருடையது என்றாலும் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் ஆபீசில் வந்து வாங்கிக்கொள்ளலாம், டிபன் பாக்ஸைக் கழுவி வைத்திருக்கிறோம்.

ரோஸ்ஹில் கோயில் வாலிபர் குழுவுக்காக,
தமிழ் வகுப்பு ஆசிரியை