தெளிந்த இரவில் எங்களுக்கும் பங்கு கொடுங்கள்

பழனி மலையில் பல்கலைக்கழகங்கள் பொதுவில் நடத்தும் ஆய்வுத் தொலைநோக்கியின் எதிர்காலத்தைத் திட்டமிடும் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் வரைவுத் திட்டத்தை வரிவிடாமல் படித்தேன். தொலைநோக்கியின் ஆடிக்கு, அதாவது கண்ணாடிக்கு, புதிய அலுமினியப் பூச்சு, புதிய கேமரா, கீழே இருந்தபடியே கருவியை இயக்கும் வசதி எல்லாம் வேண்டியவைதான். இவற்றில் எதையும் மறுத்து இந்த மடலை எழுதவில்லை. எங்களைப் போன்ற இணைவுக் கல்லூரிகள் தங்களுக்கு ஒதுக்கிய இரவுகளைச் சரிவரப் பயன்படுத்தவில்லை, ஆகவே அவற்றின் பங்கைக் குறைக்கலாம் என்று ஒரு பத்தி வருகிறதே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எந்த இரவுகளை எங்களுக்கு ஒதுக்கினீர்கள் என்பது அந்தப் பத்தியில் இல்லை. நான் சொல்கிறேன். எங்கள் பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. வடகிழக்குப் பருவமழை மேல்மலையை மூடிக்கொண்டு நிற்கும் மாதங்கள் அவை. உறைபனி விழும் ஜனவரி, வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் பிப்ரவரி, மார்ச் எல்லாம் பல்கலைக்கழகங்களின் பெரிய துறைகளுக்குப் போகின்றன. அதன் பிறகு கோடை மழை, அதன் பிறகு தென்மேற்குக் காற்றின் மேகம். இந்த மலையில் ஓர் ஆண்டு இருந்தவர் எவருக்கும் இது தெரியும். உங்களுக்கும் தெரியும்.

எங்கள் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண். அப்பா சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். முதுகலை இரண்டாம் ஆண்டுத் திட்டப்பணிக்கு, ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டை விண்மீன்களைத் தேர்ந்தெடுத்தாள். சப்தரிஷி மண்டலத்தில் இருக்கும் டபிள்யூ உர்சே மெஜாரிஸ் என்ற இரட்டை விண்மீனின் வகையைச் சேர்ந்தவை. அந்த விண்மீனின் சுற்றுக்காலம் ஏறத்தாழ 8 மணி நேரம். நீண்ட, தெளிந்த ஒரே இரவு கிடைத்தால் ஒளி குறைந்து ஏறும் முழு வளைகோட்டையும் எடுத்துவிடலாம். சிறிய தொலைநோக்கியில் ஒரு மாணவி ஒழுங்காகச் செய்து முடிக்கக்கூடிய வேலை, அதே நேரத்தில் உண்மையான ஆய்வு. சுற்றுக்காலம் சிறிதளவாவது மாறுகிறதா என்று பார்க்க இப்படிப்பட்ட அளவீடுகளைத்தான் ஆண்டுக்கணக்கில் சேர்க்கிறார்கள்.

அவளுக்குக் கிடைத்தது நவம்பர். வத்தலக்குண்டில் பஸ் ஏறி, கொடைக்கானலில் இறங்கி, மன்னவனூர்ப் பக்கம் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்து, வழியில் இறங்கி நடந்து போனாள். துணைக்கு ஒரு தோழி. குவிமாடத்தின் வாசலில் ஈரப்பதமானியைப் பார்த்தபடி இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ஈரப்பதம் வரம்பைத் தாண்டினால் மாடத்தைத் திறக்கக்கூடாது. அது சரியான விதி, ஆடியைக் காப்பாற்றும் விதி, அதை மீறச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒதுக்கீட்டு நாட்கள் முழுவதும் மூடுபனி. ஒருமுறைகூட மாடம் திறக்கவில்லை. ஏப்ரலில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும் என்பதால், வேறு யாரோ எடுத்துப் பொதுவில் வைத்திருந்த தரவை வைத்து எழுதிக் கொடுத்தாள். நன்றாகவே எழுதினாள். ஆனால் ஒரு விண்மீனின் ஒளியைத் தன் கையால் அளக்காமலே அவள் படிப்பு முடிந்துவிட்டது.

அவள் காத்திருந்த இரவுகள் ஒவ்வொன்றுக்கும் நேரே பதிவேட்டில் ஒரே சொல்: "பயன்படுத்தப்படவில்லை."

அந்தச் சொற்களைக் கூட்டித்தான் உங்கள் பத்தி எழுதப்பட்டிருக்கிறது. வாய்க்கால் வறண்ட மாதத்தில் கடைமடைக்காரனுக்கு முறைத்தண்ணீர் எழுதி வைத்துவிட்டு, இவன் நடவே செய்யவில்லை, இவன் முறையை எடுத்துவிடலாம் என்று தீர்ப்புச் சொல்வது போல இருக்கிறது இது. கோபம் வருகிறது, ஐயா. அவையடக்கத்தோடுதான் எழுத நினைக்கிறேன், ஆனாலும் கோபம் வருகிறது.

வானிலையால் போன நேரத்தைத் தனியாகவும், கருவிக் கோளாறால் போன நேரத்தைத் தனியாகவும், ஆள் வராமல் போன நேரத்தைத் தனியாகவும் எழுதுவது வானியலில் அடிப்படைப் பழக்கம். நம் பதிவேட்டில் மூன்றும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. முதலில் அதைப் பிரித்து எழுதுங்கள். பிறகு யார் பயன்படுத்தவில்லை என்று பேசலாம்.

இதே மலையில் வேறு விதமான பழக்கமும் இருக்கிறது. 1876-78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து வளர்ந்ததுதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1899ல் தொடங்கியது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909ல் ஆங்கில வானியலாளர் ஜான் எவர்ஷெட் கண்டது அங்கேதான். 1904 தொடங்கி நாள் தவறாமல் சூரியனைப் படமெடுக்க முயன்று வந்திருக்கிறார்கள். வானம் மூடிய நாட்களுக்குப் படம் இல்லை. அந்த இடைவெளிகளை உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் மேகம் என்றுதான் படிக்கிறார்கள், பார்வையாளரின் சோம்பல் என்று படிப்பதில்லை. நூறாண்டைத் தாண்டிய அந்தப் படங்கள் இன்று எண்ணிம வடிவில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. எங்கள் கல்லூரியிலேயே அவற்றை இறக்கிப் புள்ளிகளை எண்ணப் பழக்குகிறோம். அவ்வளவு தாராளமாகப் பகிர்ந்துகொள்ளும் மலையில், பகிர்வுக்கென்றே வைத்த தொலைநோக்கி இவ்வளவு கஞ்சத்தனமாக நடக்க வேண்டுமா?

கருவி பழசாகிவிட்டது, இடத்தையே மாற்றலாமா என்றும் வரைவு ஓரிடத்தில் கேட்கிறது. ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970ல் எழுந்தது. அந்த இடத்தின் அட்சரேகையும் மலைச்சரிவும் ஏறத்தாழ ஒரே 11 டிகிரி என்பதைக் கவனித்து, அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி சரிவிலேயே கட்டினார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அதில் சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து பாயும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டத்தை, ஆராய்கிறார்கள். வயதைக் காரணம் காட்டி ஒரு கருவியை ஒதுக்குவதற்கு முன் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வானம் வெளுத்துவிட்டது என்பது மட்டும் உண்மை. விடுதிகள் தோட்டத்துக்கும் மதில் சுவருக்கும் மேல்நோக்கி விளக்குப் போடுகிறார்கள். பள்ளத்தாக்கு முழுக்க விடியும்வரை விளக்கு எரிகிறது. 2024 மே முதல் மலைக்கு வரும் வண்டிகளை எண்ண இ-பாஸ் இருக்கிறது, விளக்கை எண்ண யாரும் இல்லை. லடாக்கில் ஹான்லே ஆய்வகத்தைச் சுற்றி இரவின் இருளைக் காக்க விளக்குகளைக் கட்டுப்படுத்தும் இருள்வான் காப்பகமே அறிவித்திருக்கிறார்கள். இங்கே குறைந்தபட்சம் விளக்குக்கு மேல்மூடி போடச் சொல்லி ஊராட்சிகளுக்கு ஒரு கடிதமாவது போயிருக்கிறதா? மாணவிகள் தங்க ஓர் அறை இல்லை. இரவு வேலை முடித்துக் குளிரில் வருபவர்களுக்குக் கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதில்லை. இதைப் பற்றி எத்தனையோ கடிதம் போட்டாயிற்று. வரைவில் இவை ஒரு வரிகூட இல்லை, எங்கள் பங்கைக் குறைப்பதற்கு மட்டும் ஒரு முழுப் பத்தி.

பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

கேட்பது இதுதான். ஜனவரி முதல் மார்ச் வரையிலான இரவுகளில் இணைவுக் கல்லூரிகளுக்கும் ஒரு நிரந்தரப் பங்கு வேண்டும். எவ்வளவு என்பதை உட்கார்ந்து பேசலாம், ஆனால் அது திட்டத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். நாள் குறித்து இரவைப் பிரிப்பதே கடினம் என்றால், நீங்களே முன்வைத்திருக்கும் தொலைவியக்க வசதியை இதற்குப் பயன்படுத்துங்கள். எல்லோருடைய இலக்குகளையும் ஒரே பட்டியலில் சேர்த்து, வானம் திறந்த இரவில் எந்த விண்மீன் உச்சத்தில் இருக்கிறதோ அதற்குரியவருக்கு நேரம் கொடுங்கள். நள்ளிரவு 2 மணிக்கு மேகம் விலகினாலும் நிலக்கோட்டையில் இருக்கும் ஒரு மாணவி தன் வீட்டிலிருந்தே அந்த மூன்று மணி நேரத்தை வீணாக்காமல் எடுத்துவிடுவாள். பயணச் செலவும் மிஞ்சும், பெற்றோரின் பயமும் குறையும்.

பங்கைக் குறைக்கச் சொல்லும் அந்தப் பத்தியை, பதிவேட்டைப் பிரித்து எழுதி முடிக்கும்வரை நிறுத்தி வையுங்கள். இறுதிக் கூட்டத்தை நகரத்தில் வைக்காமல் மேலே தொலைநோக்கி வளாகத்திலேயே வையுங்கள், கல்லூரிகளிலிருந்து இருவரை உறுப்பினராகவே அழையுங்கள். கூட்டத்தை நவம்பரில் வைத்தாலும் நாங்கள் வருவோம். எங்கள் மாணவர்கள் எழுதி வைத்திருக்கும் இரவுக் குறிப்பேடுகளைக் கையோடு கொண்டு வருகிறோம். மணிவாரியாக ஈரப்பதம், மேகம், காத்திருந்தவர் கையெழுத்து எல்லாம் அவற்றில் இருக்கின்றன. உங்கள் பதிவேட்டோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திண்டுக்கல் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆசிரியர்