80 விழுக்காட்டோடு நிறுத்த விடாதே

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கேள்வித்தாளை இரண்டு தரம் வாசித்தேன். மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்துத் தரும் நிலையத்தின் செயற்றிறனைக் கணிக்கும்படி உன் மாணவர்களிடம் கேட்டிருக்கிறாய். பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டையும் கூட்டி, எரிபொருள் சக்தியால் வகுத்து, 80 விழுக்காடு என்று எழுதிவிட்டு எழும்பிப் போய்விட்டார்கள் என்று கவலைப்படுகிறாய். உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பித்த எனக்கு அந்தக் கவலை நன்றாகவே விளங்கும்.

அடுத்த முறை இரண்டு நிலையங்களைக் கொடுத்துப் பார். இரண்டுக்கும் எரிபொருள் 100 அலகு. ஒன்று 25 அலகு மின்சாரமும் 55 அலகு வெப்பமும் தரட்டும். மற்றது 5 அலகு மின்சாரமும் 75 அலகு வெப்பமும். கூட்டினால் இரண்டும் 80 தான். இனி, அதே மின்சாரத்தை 35 விழுக்காடு செயற்றிறனுள்ள மின்நிலையத்திலும் அதே வெப்பத்தை 80 விழுக்காட்டுக் கொதிகலனிலும் தனித்தனியே எடுத்தால் எவ்வளவு எரிபொருள் போகும் என்று கேள். முதலாவதற்கு 140 அலகு, இரண்டாவதற்கு 108. ஒன்றில் மிச்சம் கிட்டத்தட்ட 29 விழுக்காடு, மற்றதில் 7 தான். அப்போதுதான் 80 என்ற எண் எதை மறைத்தது என்று அவர்களுக்குப் படும்.

அந்த 35ஐயும் அவர்கள் கேள்வி கேட்க வேண்டும். காசல்ரீ நீர்த்தேக்கம் நிரம்பி வழியும் மாதங்களில் லக்ஸபான மின்நிலையத்தில் தண்ணீரே மின்சாரம் தருகிறது. அந்த மின்சாரத்துக்குப் பதிலாக நாம் விறகை எரித்தால் எந்த எரிபொருள் மிச்சம்? வரட்சியில் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுக்கும்போது விடையே வேறு. எனக்கு இதுதான் முழுப் பாடத்திலும் முக்கியமான இடம். எதோடு ஒப்பிடுகிறோம் என்று எழுதாத விடைக்குப் புள்ளி குறை.

அப்புறம் அவர்களை ஒரு தேயிலை ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கூட்டிக்கொண்டு போ. அப்பா தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்த ஸ்டோரில் சூடு விறகு அடுப்பிலிருந்து, மின்சாரம் கம்பியிலிருந்து, இரண்டும் தனித்தனி. ஒப்பிட அதைவிட நல்ல இடம் இல்லை. தேவையில் பெரும்பங்கு வெப்பம்தான், அதிலும் எல்லாச் சூடும் ஒரே தரமில்லை. வெளியே 20 பாகை இருக்கும்போது, தேயிலையை உலர்த்தும் ட்ரையரின் 100 பாகைச் சூட்டிலிருந்து கோட்பாட்டளவில் ஐந்தில் ஒரு பங்கை இயந்திர வேலையாக மாற்றலாம். கொழுந்து வாட்டும் 35 பாகைச் சூட்டில் இருபதில் ஒரு பங்குகூட வராது.

தை, மாசியில் ஒருமுறை, ஆனி மழையில் ஒருமுறை போனால் நல்லது. வெயில் நாளில் வெறுங்காற்றிலேயே கொழுந்து வாடிவிடும். மழையில் நனைந்து வந்த கொழுந்துக்கு இரவெல்லாம் சூடு வேண்டும். வெயில் மாதத்தில் யாருக்கும் வேண்டாமல் வெளியே விடும் வெப்பத்தைப் பயனில் சேர்த்து எழுதக்கூடாது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். ஒரு மணிநேரக் கணக்கை விட்டு முழு வருடக் கணக்கைக் கேள்.

விறகின் ஈரத்தையும் அளக்கச் சொல் என்கிறார் அப்பா. புதிய கேள்வித்தாள் எழுதியதும் அனுப்பு, நான் முதலில் செய்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா