செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், உடன் வந்திருக்கும் வீட்டாருக்கும் வணக்கம். வழக்கம்போல இந்த அறிக்கையில் யார் பெயரும் இல்லை.

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடும் நம் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் மழையால் ஒருமுறை நின்றதோடு சரி. கார்த்திகையில்தான் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மாலை போட்டவர்கள், "இனி நமக்கென்ன" என்று வரவில்லை. தையில் மாலையைக் கழற்றிய கையோடு சிலர் கடைக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்தார்கள். குறையாகச் சொல்லவில்லை, நானும் இரண்டு முறை அப்படி வந்தவன்தான்.

செயற்குழுவில் அதிகம் வாதாடியது ஒன்றைப் பற்றித்தான்: குடியை விட்டவர் இன்னொருவருக்குத் துணை நிற்கப் பயிற்சியும் சான்றிதழும் வேண்டுமா? அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் 1999-லேயே இதுபோன்ற துணை நிற்கும் வேலைக்கு மெடிக்கெய்டு என்ற அரசுக் காப்பீட்டில் பணம் கொடுக்கத் தொடங்கியது. மனநோயிலிருந்து மீண்டவர்கள் அங்கே பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, சம்பளத்துக்கு இதைச் செய்கிறார்கள். இதைச் சொன்னதும் மூத்த உறுப்பினர் ஒருவர், "இருபது வருஷம் குடிச்சேனே, அதுதான் என் சர்டிபிகேட்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. புதிதாக வருகிறவருக்கு அவர் டீ கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். டம்ளரில் பாதிதான் ஊற்றுவார். வந்தவருக்குக் கை நடுங்கும், சிந்தினால் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார் என்று அவருக்குத் தெரியும். எந்த வகுப்பில் இதைச் சொல்லித் தருவார்கள்?

மீதிப் பாதி ஆனியில் தெரிந்தது. பல வருடம் தினமும் குடித்த ஒருவரை நம் ஆட்கள் இருவர், "வைராக்கியமா இருங்க" என்று வீட்டிலேயே உட்கார வைத்தார்கள். மறுநாள் இரவு வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்தினார். பிழைத்துக்கொண்டார். அப்படிக் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்று அந்த இருவருக்கும் தெரியவில்லை. அதில் ஒருவன் நான்.

அப்புறம் வாதம் ஓய்ந்தது. மனநல மருத்துவர் ஒருவர் ஞாயிறுகளில் வகுப்பெடுக்கச் சம்மதித்திருக்கிறார். எப்போது காது கொடுத்துக் கேட்பது, எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, சாகப்போகிறேன் என்றால் என்ன செய்வது, இவைதான் பாடம். நாம் தரும் தாள் வகுப்புக்கு வந்ததற்கான அத்தாட்சி மட்டுமே. அதை வைத்துக்கொண்டு யாரும் மாத்திரை சொல்லக்கூடாது. மனநல உதவிக்கான டெலி-மானஸ் எண் 14416, போதை மீட்பு உதவி எண் 14446 இரண்டையும் வாசல் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். டீச் செலவு ஏன் கூடியது என்று கேட்பீர்கள். பாதி டம்ளர் குடித்தவர்கள் இப்போது உட்கார்ந்து இரண்டாவது டம்ளர் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்