செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய வணிகக் கட்டடப் புதுப்பிப்பு

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டும் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது நம் வணிகக் கட்டடத்தைப் பற்றித்தான். புதுப்பிப்பு வேலை ஏன் பாதியில் நின்றது என்று என்னிடம் கேட்காத உறுப்பினர் இல்லை.

தரைத்தளத்துப் பின்னறையில் தரைப்பலகையைப் பெயர்த்ததும் காளான் வாடை முகத்தில் அடித்தது. அடியிலிருந்த உத்தரம் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்து, விரல் பட்டாலே உதிர்ந்தது. பலகைமேல் செம்பழுப்பு நிறத்தில் படிந்திருந்ததைச் செங்கல் தூசி என்றே நினைத்தோம். அவை பூஞ்சையின் வித்துகள். நோயின் பெயர் உலர் அழுகல்; பூஞ்சையின் பெயர் செர்புலா லாக்ரிமன்ஸ். மரம் காய்ந்து பொடியாவதால்தான் 'உலர்' என்கிறார்கள். ஈரம் இல்லாமல் அது முளைப்பதே இல்லை. வளரும்போது அதன்மேல் நீர்த்துளிகள் கோத்து நிற்கும். 'லாக்ரிமன்ஸ்' என்றால் கண்ணீர் வடிப்பது.

கெட்ட மரத்தை வெட்டி, மருந்தடித்து, கடைகளைத் திறந்துவிடலாம் என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். வாடகை நின்றிருந்த நேரம். அவர்கள் கவலை நியாயமானது. ஆனாலும் நான் உடன்படவில்லை. இந்தப் பூஞ்சை நூல் நூலாகச் செங்கல் சுவரைத் துளைத்து அடுத்த மரத்தைத் தேடிப் போகும். காரையைக் கொத்திப் பார்த்தபோது அது பக்கத்துக் கடையின் கதவு நிலைவரை போயிருந்தது. வெட்டிப் பூசியிருந்தால் அந்தக் கடையையும் இழந்திருப்போம்.

மூலகாரணம் பின்சுவரில் இணைப்பு விட்டுப்போன மழைநீர்க் குழாய். தரைக்கடியில் காற்றோட வைத்திருந்த துளைகளும் முன்பு எப்போதோ அடைக்கப்பட்டிருந்தன. இரண்டையும் பராமரிக்க வேண்டியது நம் சங்கம். அந்தப் பொறுப்பை நான் மறைக்க விரும்பவில்லை.

முதலில் குழாயைச் சரிசெய்து துளைகளைத் திறந்தோம். அழுகல் கண்ணுக்குத் தெரிந்த இடத்துக்கு அப்பால் அரை மீட்டர்வரை மரத்தை அறுத்தெடுத்து, அறைக்குள்ளேயே பையில் கட்டி வெளியேற்றினோம். எஞ்சிய நல்ல மரத்துக்குப் பூஞ்சையைத் தடுக்கும் போரேட் உப்புக் கரைசல் பூசினோம். மருந்தேற்றிய புதிய உத்தரங்கள் இனிச் சுவருக்குள் செருகப்படாது, இரும்புத் தாங்கிகளில் உட்காரும். தச்சர்கள் ஒவ்வொரு முனையையும் தட்டிப் பார்த்த பொறுமைக்குச் சங்கம் நன்றி சொல்ல வேண்டும்.

முன்பக்கக் கடைகளைத் திறக்கத் தடையில்லை. பின்சுவர்தான் காத்திருக்க வேண்டும். ஓர் அங்குலக் கனம் காய ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்களின் கணக்கு. நம் சுவர் 18 அங்குலம். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே நிற்கிறதா என்று ஈரமானியால் மாதந்தோறும் பார்த்துக் குறித்துவருகிறோம். சுவர் காயும்வரை அங்கே பூச்சு வேலை வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மழைநீர்க் குழாய்களை ஆண்டுக்கு இருமுறை சோதிக்கத் தனி நிதி ஒதுக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்