முதலில் பட்டறைக்குப் போ

அன்பு மகளுக்கு,

அரசு நிதியில் நடக்கும் இளைஞர் பயிற்சி மையங்களை ஆய்வு செய்யும் பணியில் சேர்ந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். இரவெல்லாம் அதே நினைப்பு. இருபது வருடம் வெல்டிங் கற்றுக்கொடுத்தவன் நான். உன்னிடம் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது.

மையத்துக்குள் நுழைந்ததும் கோப்புகளை நீட்டுவார்கள். வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போ. ஒரு மாதம் வேலை பழகிய கைகளுக்குரிய தோல் கையுறை என்றால் தீப்பொறி பட்டுக் கருகியிருக்கும், விரல் நுனி விறைத்திருக்கும். புதுத் தோல் வாசனையோடு ஆணியில் தொங்கினால் எரிந்து மீந்த வெல்டிங் ராடு துண்டுகளைக் காட்டச் சொல். இருபது பேர் பழகிய இடத்தில் அவை வாளி வாளியாகச் சேர்ந்திருக்க வேண்டும். வருகையைப் பதியும் கைரேகைக் கருவி ஒரு பிள்ளை வந்துபோனதைத்தான் சொல்லும், வேலை பழகியதைச் சொல்லாது.

பணம் போகும் வழியையும் கவனி. பிரதம மந்திரி கௌசல் விகாஸ் என்ற திறன் பயிற்சித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், மையங்களுக்குத் தரும் பணத்துக்கு வகுப்பு தொடங்கியதும் 30 சதவீதம், சான்றிதழ் கிடைத்ததும் 50, வேலையில் அமர்ந்ததும் 20 என்று மூன்று தவணை வைத்தார்கள். சான்றிதழோடு 80 சதவீதம் கைக்கு வந்துவிட்டது. மீதிக்காக அலைய எத்தனை மையங்களுக்கு மனம் வந்திருக்கும்?

அதற்காக, வேலை கிடைத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டுவிடாதே. அமெரிக்காவில் 1982-இல் வந்த வேலைப் பயிற்சிச் சட்டம் பெரும்பாலும் அப்படித்தான் அளந்தது. எப்படியும் வேலை கிடைத்துவிடும் ஆட்களையே மையங்கள் பொறுக்கிச் சேர்க்கின்றன என்ற புகார் எழுந்தது. பிறகு சுமார் 20,000 பேரைக் குலுக்கல் முறையில் திட்டத்தில் சேர்பவர்கள், சேராதவர்கள் என்று இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். படிப்பை விட்ட இளைஞர்களுக்குப் பயிற்சியால் வருமானம் குறிப்பிடும்படி கூடவில்லை என்று தெரிந்தது. யாருக்காகத் திட்டம் போட்டார்களோ அவர்களுக்கே பயனில்லை என்றால் வயிறு எரிகிறது, அம்மா.

இதுவரை உங்கள் யாரிடமும் சொல்லாத ஒன்று. நான் வேலை பார்த்த ஒரு மையத்தில், ஒரு பையன் இரண்டாம் மாதமே நின்றுவிட்டான். வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை. ஆள் குறைந்தால் மற்றவர்களின் தேர்வும் நின்றுபோகும் என்றார்கள். கடைசி நாள் வரை அவன் வந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருடம் செங்கல் சுமந்துகொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் சும்மாட்டை அவிழ்த்துவிட்டு ஓடி வந்தான். "மறுபடி சேர்த்துக்கொள்வீர்களா சார்?" என்று கேட்டான். முடித்துவிட்டவனாக எழுதப்பட்டவனை எப்படி மறுபடி சேர்ப்பது?

நின்றுபோனவர்களின் பெயர்ப்பட்டியலைக் கேட்டு வாங்கு. ஒருவர்கூட நிற்கவில்லை என்று சொன்னால் இன்னும் கூர்ந்து பார். நின்றுபோனவர்களில் நான்கு பேரிடமாவது நீயே போனில் பேசு. உன் ஆய்வுப் படிவத்தில் அவர்களைப் பற்றி எழுத எத்தனை வரி விட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா