செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவிற்கு நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர நாள், குடியரசு நாள் கொடியேற்றங்களும் பொங்கல் கோலப்போட்டியும் வழக்கம்போல் நடந்தேறின. கண் பரிசோதனை முகாம் நடைபெற்றது. மழைநீர் வடிகாலைத் தூர்வாரக் கோரி மனு அளிக்கப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, சென்னை அடையாறு முகத்துவாரத்தில் நிற்கும் உடைந்த பாலத்தைப் பற்றி நம் சங்கம் எடுத்த ஆவணப்படமாகும். ‘நலச் சங்கத்துக்குப் பேய்ப்படம் எதற்கு?’ என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்கப்பட்டதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீனவர்கள் ஆற்றைக் கடப்பதற்காக 1967இல் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் ஒரு பகுதியை 1977இல் வெள்ளம் அடித்துச் சென்றது; பிறகு அது செப்பனிடப்படவே இல்லை. அங்கே கொலையுண்ட ஒரு பெண்ணின் ஆவி இரவில் அழுது திரிகிறது என்ற கதை நகரெங்கும் பரவியதால், இளைஞர்கள் நள்ளிரவில் நம் தெருக்கள் வழியே பைக்கில் கூச்சலிட்டுச் செல்வதும், அதைப் பற்றி இதே உறுப்பினர்கள் என்னிடம் புகார் கூறுவதும் வாடிக்கையாகிவிட்டன. ஆகவே கதையின் வேரைத் தேடுவதும் சங்கப் பணியே என்று செயற்குழுவில் தீர்மானம் நிறைவேற்றிய பின்னரே இறங்கினோம். அக்கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அது தெரியாமல் போனதில் வியப்பில்லை.

நம் அடுக்குமாடிகளில் விசாரித்தபோது அந்தப் பெண் ஒருவர் வாயில் புதுமணப்பெண்ணாகவும் இன்னொருவர் வாயில் கல்லூரி மாணவியாகவும் இருந்தாள். பெயரோ ஆண்டோ சொல்வார் எவருமில்லை. ஊரூர் ஆல்காட் குப்பத்து முதியவர்களோ ஆவியைப் பற்றித் தாமாக வாய் திறக்கவேயில்லை. மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துக்கொள்வதையும், வடகிழக்குப் பருவமழை வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு கடலில் கலப்பதையும், பாலத்தை இணைத்துக் கரையோரச் சாலை போடும் பேச்சு அவ்வப்போது எழுவதையும்தான் பேசினார்கள். இரவு ஒலிப்பதிவைக் குப்பத்துக் கரையிலிருந்தே செய்தோம். அப்போது எழுந்த நீண்ட ஊளையைக் கேட்டு, எங்களுக்கு உதவிய கல்லூரித் தம்பி முகம் வெளிறி ஹெட்போனைக் கழற்றிவிட்டார். அருகில் வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமல், “நரிப்பா” என்றார். பிரம்மஞான சபைத் தோப்பை ஒட்டிய அந்தப் பகுதியில் நரிகள் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆவியைவிட, உடைந்த முனையில் துருவேறிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதும் அதற்கப்பால் தடுப்பின்றி ஆறு ஓடுவதும் உண்மையான ஆபத்து. எச்சரிக்கைப் பலகை வைக்கக் கோரும் மனுவுடன் படத்தின் பிரதியையும் இணைத்திருக்கிறோம்.

பேயைக் கண்ணால் கண்டதாகக் குழுவில் எழுதிய உறுப்பினர்கள், கேமரா என்றதும் வெளியூர் சென்றுவிட்டார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். திரையிடலன்று குப்பத்து மக்கள் பாய் விரித்து அமரும் அளவுக்கு வந்திருந்தார்கள். நமக்கெனப் போட்ட நாற்காலிகளில் பெரும்பாலானவை காலியாகவே இருந்தன.

வரவு செலவுக் கணக்கு பொருளாளரால் தயாரிக்கப்பட்டுத் தணிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது. படச் செலவின் பெரும்பகுதி நன்கொடைகளாலும் எஞ்சியது பொது நிதியாலும் ஈடுசெய்யப்பட்டது. இருப்பு குறைந்ததற்குப் படமே காரணம் என்பவர்கள், நிலுவைச் சந்தாப் பட்டியலையும் ஒருமுறை பார்வையிடுவது நலம்; அதில் தெரிந்த பெயர்கள் சில இருக்கும்.

ஒத்துழைத்த தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், காவலாளிகள், தேநீர் வழங்கிய மகளிர் அணியினர் அனைவருக்கும் நன்றி.

எலியட்ஸ் கடற்கரையில், 1930இல் பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்நீத்த டென்மார்க் நாட்டவர் ஷ்மிட்டின் நினைவுச்சின்னத்தைச் சுற்றியும் கதைகள் பல உலவுகின்றன. அடுத்த ஆண்டு அதையும் ஆராய்ந்து படமாக்கலாம் என்பது என் எண்ணம். நான் இப்பொறுப்பில் தொடர்வதும் தொடராததும் பொதுக்குழுவின் விருப்பம். ஆனால் யார் செயலாளராக இருந்தாலும் கேமரா வாடகை ஒன்றுதான். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாயிலருகே அமர்ந்திருப்பார். ஜிபே வசதியும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்